புது கிராண்ட் பியானோ வாங்கப் போறீங்களா? டெலிவரிக்கு முன்னாடி கடையில் நடக்க வேண்டியது என்ன?

புது பைக் வாங்கினால் ஷோரூமில் எல்லா நட்டையும் போல்ட்டையும் செக் பண்ணிட்டுத்தான் சாவியைக் கொடுப்பாங்க. பல லட்சம் ரூபாய் விலையுள்ள கிராண்ட் பியானோவுக்கும் அப்படி ஒரு வேலை இருக்கிறது. அதைச் செய்பவர் பியானோ டெக்னீஷியன். அவர் அந்த வேலையை முழுசா செய்தாரா இல்லையா என்பதில்தான் நீங்கள் கொடுத்த பணத்தின் மதிப்பே இருக்கிறது.

புதுசுக்கு எதுக்கு ரிப்பேர்?

இது ரிப்பேர் இல்லை, பாக்கி வேலை. விலை உயர்ந்த பியானோக்களுக்கு ஃபேக்டரியிலேயே பல சுற்று ஃபினிஷிங் நடக்கும். பட்ஜெட் மாடல்களில் விலையைக் குறைக்க அந்த நேரத்தைத்தான் சுருக்குவார்கள். மிச்ச வேலை கடைக்கு வந்து சேரும். போதாக்குறைக்கு, கப்பலில் வாரக்கணக்கில் ஈரக்காற்றோடு வந்த மரம் லேசாக உப்பியிருக்கும். அதனால் சில கட்டைகள் அழுத்தினால் மேலே எழும்பாது.

வீணை வாசிப்பவர் தானே சுருதி சேர்த்துக்கொள்வார். மிருதங்கக்காரர் மேடையிலேயே கல்லால் தட்டிச் சரிசெய்வார். ஆனால் பியானோவில் கட்டைகள் 88, தந்திகள் சுமார் 230. எல்லாத் தந்தியும் சேர்ந்து கிட்டத்தட்ட 20 டன் இழுவிசையோடு நிற்கின்றன. வாசிப்பவரே சரிசெய்துகொள்வது நடக்காத காரியம்.

டெக்னீஷியன் என்ன செய்வார்?

முதலில் பியானோவைச் சில நாட்கள் கடையின் சூழலுக்குப் பழக விடுவார். பிறகு மூன்று வேலைகள்.

1. ரெகுலேஷன்: கட்டையை அழுத்தினால் அது சுமார் 10 மி.மீ. இறங்கும். உள்ளே சுத்தியல் சுமார் 4.5 செ.மீ. மேலே எழும். தந்தியைத் தொட 1 அல்லது 2 மி.மீ. இருக்கும்போது அது விடுபட்டு, தானாகப் பறந்து அடிக்க வேண்டும். சீக்கிரமே விடுபட்டால் மெதுவாக வாசிக்கும்போது சத்தமே வராது. தாமதமானால் சுத்தியல் தந்தியிலேயே ஒட்டி நாதத்தை அமுக்கிவிடும். இதை 88 கட்டைக்கும் ஒரே மாதிரி அமைக்க வேண்டும். அதிக நேரம் பிடிப்பது இதுதான்.

2. ட்யூனிங்: நடு 'ஏ' ஸ்வரத்தை 440 ஹெர்ட்ஸுக்கு வைத்து மற்றவற்றைச் சேர்ப்பார். புதுத் தந்தி நீண்டுகொண்டே இருக்கும் என்பதால் ஒரு தடவை போதாது. சில நாள் இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

3. வாய்சிங்: சுத்தியலின் தலையில் இருப்பது கம்பளி ஃபெல்ட். அது இறுகியிருந்தால் சத்தம் தகரம் மாதிரி கேட்கும். ஊசியால் குத்தி அதை இளக்குவார். அதிகமாகக் குத்திவிட்டால் சத்தம் மந்தமாகிவிடும்.

எதைச் சரிசெய்ய முடியாது?

நீளத்தை. யமஹாவின் ஜிபி1கே 151 செ.மீ., கவாயின் ஜிஎல்-10 153 செ.மீ. மேடைக் கச்சேரிக்கான ஸ்டெயின்வே டி மாடலோ 274 செ.மீ. தந்தி குட்டையானால் கீழ் ஸ்தாயியில் தெளிவு குறையும். எந்த டெக்னீஷியனாலும் இதை மாற்ற முடியாது.

மதுரைக்காரர்கள் கவனிக்க வேண்டியது

அழகர்கோவில், மேலூர் பக்கம் வீடு என்றால் பருவநிலைதான் பெரிய சவால். அழகர் ஆற்றில் இறங்கும் சித்திரை வெயிலில் மரம் சுருங்கும். ஐப்பசி மழையில் உப்பும். இரண்டிலும் சுருதி நகரும். ஏசி காற்று நேராகப் படும் இடத்திலும், வெயில் விழும் ஜன்னல் ஓரத்திலும் வைக்காதீர்கள். முதல் வருஷம் மூன்று, நான்கு முறை ட்யூனிங் தேவைப்படும். பிறகு வருஷத்துக்கு இரண்டு முறை.

கடையில் கேட்க வேண்டிய கேள்விகள்

* ரெகுலேஷனும் வாய்சிங்கும் முடிந்ததா, ட்யூனிங் மட்டுமா?
* இதுவரை எத்தனை முறை ட்யூன் செய்தீர்கள்?
* வீட்டுக்கு வந்த பிறகு முதல் ட்யூனிங் இலவசமா?
* மதுரைக்கு வரும் டெக்னீஷியன் யார், பயணச் செலவு யாருடையது?

கேட்டுவிட்டு, 88 கட்டையையும் ஒவ்வொன்றாக, மிக மெதுவாக அழுத்திப் பாருங்கள். வேகமாக வாசித்தால் குறை தெரியாது. மெதுவாக அழுத்தும்போது ஏதாவது ஒரு கட்டை பேசாமல் இருந்தால், வேலை இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். அது முடிந்த பிறகு மீதிப் பணத்தைக் கட்டுங்க.