கென்மோரைக் கவிழ்த்துப் பாருங்கள்

ஓஹையோவில் நான் குடியிருக்கும் பக்கம், கோடை வந்தால் சனிக்கிழமைதோறும் ஏதாவது ஒரு வீட்டு வாசலில் கராஜ் சேல் நடக்கும். பழைய விளக்கு, பீங்கான் தட்டு, ஸ்கேட்டிங் ஷூ என்று பரப்பி வைத்திருப்பார்கள். பல நாள் அதில் ஒரு கென்மோர் வேக்குவம் கிளீனரும் கிடக்கும். பழைய வேக்குவம் கிளீனர் சேர்ப்பவர்களில் நிறையப் பேருக்கு ஹூவர், கர்பி மேல்தான் கண். நான் கென்மோரைத் தேடிப் போகிறவன். ஏனென்றால் கென்மோர் என்று ஒரு தொழிற்சாலை இருந்ததே இல்லை.

அது சியர்ஸ் கடை வைத்த பெயர். கேட்லாக்கைத் தபாலில் அனுப்பி நாடு முழுக்க வியாபாரம் செய்த சியர்ஸ், 1927-ல் துணி துவைக்கும் மெஷினுக்கு அந்தப் பெயரைச் சூட்டியது. 1932-ல் வேக்குவம் கிளீனருக்கும் அதே பெயர். செய்து கொடுத்தது வேறு கம்பெனிகள். மான்ட்கோமரி வார்ட் ‘சிக்னேச்சர்’ என்றும், ஜே.சி.பென்னி ‘பென்கிரெஸ்ட்’ என்றும் இதே வழியில் விற்றன. வாங்கியவர்கள் கடையை நம்பி வாங்கினார்கள், அதில் தப்பில்லை. ஆனால் அதை வார்த்து, முறுக்கி, பூட்டிய கைகள் எந்த ஊர்க் கைகள் என்பது அந்தப் பெயருக்குள் மறைந்துபோனது. எனக்கு அதைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

முதல் தடயம் அடிப்பக்கத்தில் இருக்கிறது. மெஷினைக் கவிழ்த்தால் சின்னத் தகடோ ஸ்டிக்கரோ இருக்கும். மாடல் எண்ணில் புள்ளிக்கு முன்னால் வரும் மூன்று இலக்கங்களைப் பாருங்கள். தனக்குச் சரக்குக் கொடுத்தவர்கள் ஒவ்வொருவருக்கும் சியர்ஸ் ஒதுக்கிய எண் அது. கென்மோர் வேக்குவம் கிளீனரில் அடிக்கடி கண்ணில் படுவது 116. அது வேர்ல்பூல். சிகாகோவில் சியர்ஸுக்காக வேக்குவம் கிளீனர் செய்துகொண்டிருந்த பர்ட்மன் எலெக்ட்ரிக் 1957-ல் வேர்ல்பூலோடு சேர்ந்தது. சியர்ஸின் இன்னொரு பெயரான ‘கிராஃப்ட்ஸ்மன்’ போட்ட பெரிய பீப்பாய் மாடலில் 113 இருந்தால் அது எமர்சன் எலெக்ட்ரிக் செய்தது. ஹோம் டிப்போவில் ‘ரிட்ஜிட்’ என்ற பெயரில் விற்றவையும் எமர்சன் செய்தவைதான்.

எண்ணை மட்டும் நம்பி முடிவு கட்ட முடியாது. கென்டக்கி மாநிலம் டான்வில்லில் இருந்த வேக்குவம் கிளீனர் தொழிற்சாலையை 1990-ல் வேர்ல்பூலிடமிருந்து ஜப்பானின் மாட்சுஷிடா, அதாவது பானசானிக், வாங்கியது. அதற்குப் பிறகும் கென்மோரில் 116 தொடர்ந்தது. அந்த இடத்தில் தூசிப்பை கைகொடுக்கும். பானசானிக்கின் சி-5 பை பிந்தைய கென்மோரில் கச்சிதமாக உட்காரும். பை கம்பெனிக்காரர்கள் உறையிலேயே இரண்டு பெயரையும் போட்டு விற்கிறார்கள்.

அடுத்து மூடியைக் கழற்றி, பிளாஸ்டிக்கின் உள்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். சில மெஷின்களில் காசு அளவுகூட இல்லாத ஒரு வட்டம் அச்சாகியிருக்கும். கடிகார முகம் போல ஓரத்தில் 1 முதல் 12 வரை, நடுவில் வருடத்தின் கடைசி இரண்டு இலக்கம், ஓர் அம்புக்குறி. அம்பு காட்டுவது அந்தப் பாகத்தை வார்த்த மாதத்தை. மூடியில் ஒரு வருடமும் அடிப்பாகத்தில் நாலைந்து வருடம் தள்ளியும் இருந்தால், யாரோ பிற்பாடு உதிரி மாற்றியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த வட்டத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும் நிமிடத்துக்காகவே நான் மெஷின் வாங்குகிறேன் என்றால் மிகையில்லை.

மோட்டாரை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஓஹையோவின் கென்ட் நகரத்து லாம்ப் எலெக்ட்ரிக் மோட்டாரைப் பல கம்பெனிகள் விலைக்கு வாங்கிப் பொருத்தின.

பெயர் ஒன்றாகவே இருந்து ஆள் மாறிய கதையும் உண்டு. ஸ்வீடனின் எலெக்ட்ரோலக்ஸ் தன் அமெரிக்கக் கம்பெனியில் இருந்த பங்கை 1968-ல் விற்றுவிட்டது. அதனால் அமெரிக்க வீடுகளில் ‘எலெக்ட்ரோலக்ஸ்’ என்று புழங்கிய மெஷினுக்கும் ஸ்வீடனுக்கும் பிறகு சம்பந்தமில்லை. 1974-ல் யுரேகாவை வாங்கி ஸ்வீடன்காரர்கள் அமெரிக்காவுக்குள் திரும்பி வந்தும், தங்கள் சொந்தப் பெயரை அங்கே வேக்குவம் கிளீனரில் போட முடியவில்லை. 2000-த்தில் பெயரைத் திரும்ப வாங்கினார்கள். பழைய அமெரிக்கக் கம்பெனி ‘ஏரஸ்’ ஆனது. நம் ஊரில் வீடு வீடாக வந்து ‘யூரோகிளீன்’ வேக்குவம் கிளீனரைப் போட்டுக் காட்டினார்களே, அந்த யுரேகா ஃபோர்ப்ஸும் இதே எலெக்ட்ரோலக்ஸ் 1982-ல் ஃபோர்ப்ஸுடன் கூட்டாகத் தொடங்கியதுதான்.

வாங்கியதும் பிளக்கைச் செருகிவிடாதீர்கள். வயரின் ரப்பர் மெஷினுக்குள் நுழையும் இடத்தை வளைத்துப் பாருங்கள். வெடிப்புத் தெரிந்தால் வயரை மாற்றாமல் மின்சாரம் கொடுக்கக் கூடாது. துடைக்கும்போது அடிப்பக்க ஸ்டிக்கர் மேல் தின்னர் படவே கூடாது, மை கரைந்து ஓடிவிடும். ஈரத்துணி படுவதற்கு முன்பே ஒரு படம் எடுத்து வைத்துவிடுங்கள். மேலே கீறல் விழுந்து, சக்கரம் உடைந்து, ஸ்டிக்கர் முழுதாக இருக்கும் மெஷின் ஒன்றும், ஸ்டிக்கர் கிழிந்து மற்றபடி புத்தம்புதிதாக மின்னும் மெஷின் ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தால், நான் முதலாவதுக்குத்தான் பணம் கொடுப்பேன்.