தண்டவாளம் வேண்டாத மின்சார வண்டி

கொழும்பு மாநகர வீதிகளில் 1953 முதல் 1964 வரை ஓடிய ‘றொலி பஸ்’, தலைக்கு மேலே கட்டப்பட்ட கம்பிகளிலிருந்து மின்சாரத்தைப் பெற்று, தண்டவாளத்தின் துணையின்றி, இறப்பர்ச் சக்கரங்களால் சாதாரண வீதியிலேயே பிரயாணஞ் செய்தது. அதற்கு முன்பே அந்நகரில் ஓடிய டிராம் வண்டிக்கு ஒரு கம்பியே போதியதாயிருந்தது. மேலிருந்து வந்த மின்சாரம் இரும்புச் சக்கரத்தின் வழியே தண்டவாளத்தில் இறங்கித் திரும்பிச் சென்றது. இறப்பரோ மின்சாரத்தைக் கடத்தாத வஸ்து ஆதலால், றொலி பஸ்ஸுக்குத் திரும்பும் மார்க்கமாக இரண்டாவதொரு கம்பி அவசியமாயிற்று. கம்பியில்லாத தெருவுக்குள் அது நுழைய இயலாது.

அக்கம்பியையும் நீக்கி, மின்கலத்தில் சேமித்த சக்தியால் இயங்கி, வீதியில் தீட்டிய கோடுகளைக் கண்டு வழிசெல்லும் நீண்ட வாகனமொன்றைச் சீன தேசத்தார் 2017 ஆம் ஆண்டில் ஹூனான் மாகாணத்துச் சூசோ நகரில் காட்டினர். 2019 இறுதியில் யீபின் நகரில் அது பொதுஜன சேவைக்கு வந்தது. மூன்று பெட்டிகள் இணைந்த வண்டி ஏறத்தாழ 32 மீற்றர் நீளமும், 300 பேர் வரை கொள்ளும் இடமும் உடையது. சாரதி முன்னே அமர்ந்தே இருக்கிறார்.

கோட்டைக் காண்பது கமெராவின் வேலை. அதனினும் கடினமானது பின்சக்கரங்களை ஆள்வது. நீண்ட லொறியொன்று மூலையில் திரும்புகையில், முன்சக்கரம் சென்ற வளைவை விட்டுப் பின்சக்கரம் உட்புறமாக வெட்டிச் செல்வதை யாவரும் கண்டிருப்போம். 32 மீற்றர் வண்டி அவ்வாறு வெட்டினால் ஓரத்தில் நிற்பவரின் கதி என்னவாகும்? ஆகையால் இவ்வாகனத்தின் ஒவ்வோர் அச்சும் தனித்தனியே திருப்பப்படுகிறது: முன்னச்சு எவ்விடத்தில் எவ்வாறு வளைந்ததென்பதைக் கணினி நினைவிற்கொண்டு, பின்வரும் அச்சுகள் அவ்விடத்தை அடையும்போது அதே சுவட்டில் செல்லுமாறு அவற்றின் கோணத்தை நிர்ணயிக்கிறது. தரிப்பிட மேடையை ஒட்டினாற்போல வந்து நிற்பதும் இதனாலேயே கைகூடுகிறது. முதியோரும் சக்கர நாற்காலியில் வருவோரும் பிறர் கையை எதிர்பாராது ஏறலாம் என்பதையே இதன் பெருஞ்சிறப்பாக நான் மதிக்கிறேன்.

ஆயினும் அந்தக் குணமே ஒரு தோஷத்துக்கும் காரணமாகிறது. எல்லாச் சக்கரங்களும் பிசகாது ஒரே தடத்தை மிதிப்பதால், நாளடைவில் தார் வீதி அங்கே பள்ளமாகிறது. வெயிலில் தார் இளகும் உஷ்ணப் பிரதேசங்களில் இது இன்னும் அதிகம். தடத்தின் கீழ் வலுவான கொங்கிரீட் இட நேர்வதால், தண்டவாளத்தில் மிச்சப்படும் பணத்தில் ஒரு பகுதி வீதிக்கே போய்விடுகிறது. அவுஸ்திரேலியாவின் அடிலெயிட் நகரத்தார், 1986 இல் திறக்கத் தொடங்கிய 12 கிலோமீற்றர் பஸ் பாதையில், பக்கத்துச் சிறு சக்கரங்கள் கொங்கிரீட் விளிம்பைத் தொட்டு வழிகாட்டுமாறு செய்து, இச்செலவை முதலிலேயே ஏற்றுக்கொண்டனர்.

உட்துறைமுகத்துக்கும் கீழைக்கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் அமைந்த நம் திருகோணமலைக்கு 300 பேர் ஏறும் வாகனம் மிகை என்பது என் அபிப்பிராயம். பிரெடெரிக் கோட்டை வாயிலைக் கடந்து கோணேசர் ஆலயத்துக்குச் செல்லும் வழியில் அதற்கு இடமேயில்லை. ஆனால் நகரிலிருந்து சீனக்குடாவுக்கும், 2009 இல் திறந்த பாலத்தின் வழியே கிண்ணியாவுக்கும் செல்லும் பஸ்ஸுக்கு மின்கலம் மிகப் பொருந்தும்: தூரம் குறைவு, இரவில் நிலையத்தில் நின்று மின்னேற்றிக்கொள்ளலாம், உப்புக் காற்றில் துருவேறும் இரும்புக் கம்பங்களும் வேண்டா. வழிகாட்டும் கோடுகளை நகரப் பஸ் நிலையத்திலும் வைத்தியசாலைத் தரிப்பிடத்திலும் மட்டும் தீட்டினால், கொங்கிரீட்டும் அந்தச் சில மீற்றர்களோடு நிற்கும். படியேற இயலாதவர் காத்திருக்கும் இடங்களும் அவையே.