தாதியின் கையில் ஒரு திரை

உங்கள் வாப்பா தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறார். நீங்கள் உள்ளே போக முடியாது. குரல்நாண்களுக்கு இடையே சுவாசக் குழாய் செலுத்தப்பட்டிருப்பதால் அவராலும் பேச முடியாது. என்ன செய்வீர்கள்?

2020இல் கொவிட்-19 பரவியபோது பிரித்தானியாவில் எத்தனையோ குடும்பங்கள் இந்நிலைக்கு ஆளாயின. வைத்தியசாலைகளில் பார்வையாளர்களுக்குப் பெரும்பாலும் அனுமதியில்லை. அப்போது லண்டன் கிங்ஸ் கல்லூரியின் தாதியியல் பேராசிரியர் லூயிஸ் ரோஸும் வேறு சிலரும் சேர்ந்து 'லைஃப் லைன்ஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கினர். நோயாளியும் குடும்பத்தாரும் முகம் பார்த்துக்கொள்ள, நூற்றுக்கும் மேற்பட்ட வைத்தியசாலைகளுக்கு டெப் கணினிகள் சென்றன.

கருவி வந்தால் மட்டும் போதுமா? பாதுகாப்பு அங்கியோடும் கையுறையோடும் நிற்கும் தாதிதான் அதை நோயாளியின் முகத்தருகே பிடிக்க வேண்டும். பின்னர் கிருமி நீக்கித் துடைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்பு, குழாய்களோடு கிடப்பவரைக் காணப்போகும் பிள்ளைகளின் மனதைத் தயார்படுத்த வேண்டும். நோயாளியைப் பராமரிக்கும் வேலைக்கு நடுவேதான் இத்தனையும். சில குடும்பங்களுக்கு அந்தச் சந்திப்பே கடைசி விடைபெறலும் ஆயிற்று.

அன்பு வாசகர்களே! அப்படியோர் அழைப்பு உங்கள் வீட்டுக்கு வந்தால், அழுகையை அடக்கி, உங்கள் பெயரைச் சொல்லி, மெதுவாகப் பேசுங்கள். பதில் வராவிட்டாலும் பேசுங்கள். திரையைத் தாங்கி நிற்கும் அந்தக் கைக்கும் ஒரு வார்த்தை நன்றி சொல்ல மறவாதீர்கள்.