ஆரணிப் பகுதியின் பழைய பள்ளி ஆசிரியர்களும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆவணங்களும்

பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆவணங்களைக் கொண்டு ஓர் ஊரின் முன்னாள் பள்ளி ஆசிரியர்களைத் தேடுதல் என்பது உள்ளூர் வரலாற்று ஆய்வு முறைகளுள் ஒன்றாகும். பிரித்தானியா, அயர்லாந்து, ஐக்கிய அமெரிக்கா ஆகிய நாடுகளில் இம்முறை மூலம் ஆசிரியர் ஒருவரின் பெயர், வயது, குடும்பம், வசித்த வீடு ஆகியவற்றை அறிய முடிகிறது. இந்தியாவில் கணக்கெடுப்பு அறிக்கைகள் ஆசிரியர்களின் எண்ணிக்கையைத் தருகின்றன, பெயர்களைத் தருவதில்லை. எனவே இங்கு கணக்கெடுப்பு தேடலின் தொடக்கமாக மட்டுமே அமைகிறது. பெயர்களைப் பள்ளிப் பதிவேடுகள், அரசிதழ்கள், மறைப்பணி அறிக்கைகள் போன்ற பிற ஆவணங்களிலிருந்தே பெற வேண்டியுள்ளது. திருவண்ணாமலை மாவட்டத்திலுள்ள பட்டு நெசவு நகரமான ஆரணியும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

ஆரணியின் பின்னணி

ஆரணி வேலூருக்குத் தெற்கே கமண்டல நாகநதிக் கரையில் அமைந்துள்ளது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்நகரின் மக்கள்தொகை 63,671 ஆகும். ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றது. பிரித்தானியர் ஆட்சிக் காலத்தில் இப்பகுதி வட ஆற்காடு மாவட்டத்தில் ஆரணி ஜாகீர் என்ற பெயரில் ஒரு மராத்தியக் குடும்பத்தின் உரிமையில் இருந்தது. 1989இல் வட ஆற்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டபோது ஆரணி திருவண்ணாமலை மாவட்டத்துடன் சேர்ந்தது.

இந்த நிர்வாக மாற்றங்கள் தேடலுக்கு முக்கியமானவை. பழைய அறிக்கைகளில் ஆரணியைத் திருவண்ணாமலை மாவட்டத்தின் கீழ்த் தேடினால் கிடைக்காது. வட ஆற்காடு மாவட்டத்தின் கீழ் தேட வேண்டும். மேலும், 1911இல் வட ஆற்காட்டின் வடபகுதி பிரிக்கப்பட்டுச் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டது. ஆகவே 1901ஆம் ஆண்டு மாவட்ட எண்ணிக்கையையும் 1911ஆம் ஆண்டு எண்ணிக்கையையும் அப்படியே ஒப்பிட்டு, ஆசிரியர்கள் குறைந்துவிட்டனர் என்று முடிவு செய்வது தவறாகும்.

கணக்கெடுப்புக்கு முந்தைய பதிவுகள்

1767 முதல் 1774 வரை தாமசு பார்னார்டு என்பவர் அண்டைப் பகுதியான செங்கல்பட்டில் ஏறத்தாழ 2,000 ஊர்களை அளவை செய்தார். ஊர்களில் இருந்த வீடுகளும் தொழில்களும் விளைச்சலில் இருந்து ஒவ்வொருவருக்கும் வழங்கப்பட்ட பங்கும் இதில் பதிவு செய்யப்பட்டன. இதன் தமிழ் ஓலைச்சுவடிகளில் ஒரு பகுதி இன்றும் உள்ளது. ஊர்ப் பொது வருவாயில் பங்கு பெற்ற பணியாளர்களைப் பற்றி அறிய இது உதவுகிறது.

1822ஆம் ஆண்டு சூன் 25 அன்று சென்னை ஆளுநர் தாமசு மன்றோ, மாகாணத்திலுள்ள பள்ளிகளைப் பற்றி விவரம் திரட்ட ஆணையிட்டார். மாவட்ட ஆட்சியர்கள் அனுப்பிய விடைகளைத் தொகுத்து 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி, 12,850,941 மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 188,650 மாணவர்களும் இருந்தனர். வட ஆற்காட்டில் மட்டும் 600க்கும் மேற்பட்ட பள்ளிகள் இருந்தன. இவற்றில் பெரும்பாலானவை ஒரே ஆசிரியர் நடத்திய திண்ணைப் பள்ளிகளாகும். இவ்விவரங்களை தரம்பால் 1983இல் நூலாக வெளியிட்டார். மன்றோ அனுப்பிய படிவம் மாணவர்களைப் பாலினம், சாதிப் பிரிவு வாரியாக எண்ணியது. கற்பித்தவர்களின் பெயரைக் கேட்கவில்லை. பிற்காலக் கணக்கெடுப்புகளிலும் இதே குறை தொடர்ந்தது.

கணக்கெடுப்பு அறிக்கைகளில் ஆசிரியர்கள்

சென்னை மாகாணத்தில் 1851-52 முதல் ஐந்தாண்டுக்கு ஒரு முறை மக்கள்தொகை விவரம் திரட்டப்பட்டது. 1871ஆம் ஆண்டு நவம்பர் 15 அன்று விரிவான கணக்கெடுப்பு நடைபெற்றது. நாடு முழுவதும் ஒரே நேரத்தில் எடுக்கப்பட்ட முதல் கணக்கெடுப்பு 1881 பெப்ரவரி 17 அன்று நடந்தது. 1891ஆம் ஆண்டு சென்னை மாகாணக் கணக்கெடுப்பிற்குப் பொறுப்பாக இருந்த எச். ஏ. இசுட்டூவர்ட் என்பவரே வட ஆற்காடு மாவட்டக் கையேட்டைத் திருத்திய பதிப்பாக வெளியிட்டவரும் ஆவார். எனவே இவ்விரண்டு நூல்களையும் சேர்த்துப் படிப்பது பயனுள்ளது.

தொழில் அட்டவணைகளில் ஆசிரியர்களைத் தேடுவோர் பின்வருவனவற்றைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, எண்ணப்பட்டவர் யார் என்பது. 1891ஆம் ஆண்டு அட்டவணை ஒரு தொழிலால் வாழ்ந்த அனைவரையும் சேர்த்து எண்ணியது. ஆசிரியரின் மனைவியும் குழந்தைகளும் கல்வித் தொழிலின் கீழ் அடங்கினர். 1901 முதல் உழைப்பவரும் சார்ந்திருப்போரும் தனித்தனியே காட்டப்பட்டனர்.

இரண்டாவது, வகைப்பாடு. 1911ஆம் ஆண்டு வகைப்பாட்டில் பேராசிரியர்கள், பள்ளி ஆசிரியர்கள், கல்வி நிலையங்களின் எழுத்தர்கள், பணியாளர்கள் ஆகியோர் ஒரே தொகுதியில் வைக்கப்பட்டனர். ஆகவே அந்த எண் முழுவதும் வகுப்பறையில் கற்பித்தவர்களைக் குறிப்பதில்லை.

மூன்றாவது, நில அளவு. விரிவான தொழில் அட்டவணைகள் மாவட்ட அளவிலேயே பெரும்பாலும் அமைந்தன. ஒரு சிற்றூரில் எத்தனை ஆசிரியர்கள் இருந்தனர் என்பதை அவற்றிலிருந்து பிரித்தறிய இயலாது. ஆனால் ஆண், பெண் எண்ணிக்கை தனியே தரப்பட்டிருப்பதால், மாவட்டத்தில் பெண் ஆசிரியர்கள் எப்போது பெருகத் தொடங்கினர் என்பதை அறியலாம்.

எழுத்தறிவு அட்டவணைகளும் உதவுகின்றன. 1881, 1891 ஆகிய ஆண்டுகளில் மக்கள் கற்போர், எழுத்தறிந்தோர், எழுத்தறியாதோர் என மூன்றாகப் பிரிக்கப்பட்டனர். 1901 முதல் கற்போர் என்ற பிரிவு கைவிடப்பட்டது. 1911இல் ஒரு கடிதம் எழுதவும் அதற்கு வரும் விடையைப் படிக்கவும் இயன்றவரே எழுத்தறிந்தவராகக் கொள்ளப்பட்டார்.

நெசவாளரும் ஆசிரியரும்

விடுதலைக்குப் பின் வெளியான மாவட்டக் கணக்கெடுப்புக் கையேடுகளில் சிற்றூர் வாரியான விவரங்கள் உள்ளன. இவற்றில் ஆரணிப் பகுதிக்கே உரிய ஒரு வேறுபாட்டைக் காணலாம். 1961 முதல் குடும்பத் தொழில் என்பது தனிப் பிரிவாகக் காட்டப்படுகிறது. வீட்டிலேயே தறி வைத்து நெய்பவர் இப்பிரிவில் அடங்குகிறார். அதனால் ஓர் ஊர் நெசவு ஊரா என்பதைப் பட்டியலைப் பார்த்தவுடன் ஊகிக்க முடிகிறது. ஆசிரியருக்கு அவ்வாறு தனிப் பிரிவு இல்லை. 2001, 2011 ஆகிய கணக்கெடுப்புகளின் சிற்றூர்ப் பட்டியல்களில் உழைப்போர் பயிரிடுவோர், வேளாண் தொழிலாளர், குடும்பத் தொழில் செய்வோர், பிற தொழிலாளர் என நான்கு பிரிவுகளாக உள்ளனர். கடைக்காரர், ஓட்டுநர், கொத்தனார் ஆகியோருடன் ஆசிரியரும் பிற தொழிலாளர் பிரிவில் சேர்ந்துவிடுகிறார். இருப்பினும் சிற்றூர் வசதிகள் பட்டியலில் பள்ளி உள்ளதா என்ற விவரம் தரப்படுவதால், ஓர் ஊரில் எந்தப் பத்தாண்டில் பள்ளி தோன்றியது என்பதைத் தோராயமாக வரையறுக்கலாம்.

பெயர்கள் கிடைக்காமைக்கான காரணங்கள்

வீடு வீடாக நிரப்பப்பட்ட படிவங்களில் பெயர்கள் இருந்தன. அட்டவணைகள் தயாரிக்கப்பட்ட பின் அப்படிவங்கள் நிலையான ஆவணங்களாகப் பாதுகாக்கப்படவில்லை, அழிக்கப்பட்டன. தவிரவும், 1948ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆவது பிரிவு, கணக்கெடுப்பு அலுவலர்கள் எழுதிய பதிவேடுகளைப் பார்வையிடும் உரிமையை எவருக்கும் அளிக்கவில்லை.

இதற்கு அருகில் வரும் ஆவணம் 1951இல் உருவாக்கப்பட்ட தேசியக் குடிமக்கள் பதிவேடு ஆகும். கணக்கெடுப்புச் சீட்டுகளிலிருந்து ஊர் வாரியாகப் பெயர், தந்தை பெயர், வயது, தொழில் ஆகியவை இதில் படியெடுக்கப்பட்டன. எஞ்சிய பகுதிகள் அசாம் மாநிலத்தில் மட்டுமே பிற்காலத்தில் பெருமளவில் பயன்படுத்தப்பட்டன.

பிற நாடுகளின் நிலை வேறு. இங்கிலாந்தில் 1841 முதல் பெயர்கள் முறையாகப் பதிவாயின. 100 ஆண்டுகள் கழித்துப் படிவங்கள் வெளியிடப்படுகின்றன. 1921ஆம் ஆண்டுப் படிவங்கள் 2022 சனவரியில் வெளிவந்தன. ஐக்கிய அமெரிக்காவில் 72 ஆண்டுகளுக்குப் பின் வெளியிடப்படுகின்றன. அயர்லாந்தின் 1901, 1911 படிவங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இலங்கையில் ஒல்லாந்தர் காலத்துப் பள்ளித் தோம்புகள் குறிப்பிடத்தக்கவை. திருச்சபைப் பள்ளிகளின் ஆசிரியர்களே தம் பகுதிக் குடும்பங்களின் விவரங்களை இத்தோம்புகளில் எழுதி வந்தனர்.

கணக்கெடுப்பாளராக ஆசிரியர்

இந்தியாவிலும் கணக்கெடுப்பை நடத்தியவர்களில் ஆசிரியர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. தொடக்கக் காலத்தில் சிற்றூர்களில் கர்ணம் எனப்பட்ட கணக்கர் இப்பணியைச் செய்தார். எழுதத் தெரிந்தவர் குறைவாக இருந்த ஊர்களில் பள்ளி ஆசிரியரும் பயன்படுத்தப்பட்டார். 2011இல் ஏறத்தாழ 27 இலட்சம் பேர் கணக்கெடுப்பில் ஈடுபட்டனர். அவர்களில் பலர் அரசுப் பள்ளி ஆசிரியர்கள். ஓர் ஊரின் அனைத்துக் குடும்பங்களின் விவரங்களையும் தம் கையால் எழுதிக் கையொப்பமிட்ட ஆசிரியரின் பெயரும் அப்படிவங்களோடு மறைந்துவிடுகிறது. 2025 சூனில் வெளியான அறிவிக்கையின்படி அடுத்த கணக்கெடுப்பின் குறிப்பு நாள் 2027 மார்ச் 1 ஆகும். இது எண்ணிம முறையில் நடத்தப்படும் என அறிவிக்கப்பட்டது.

பெயர்களைத் தரும் பிற ஆவணங்கள்

பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு: மாணவர் பெயர், பெற்றோர் பெயர், பிறந்த நாள் ஆகியவற்றுடன் தலைமை ஆசிரியரின் கையொப்பமும் இதில் இருக்கும். கையொப்பம் மாறும் தேதிகளைக் கொண்டு ஒவ்வொரு தலைமை ஆசிரியரின் பணிக்காலத்தையும் வரிசைப்படுத்தலாம். பெற்றோரின் தொழில் எழுதப்பட்டிருந்தால், நெசவாளர் குடும்பங்களின் பிள்ளைகள் எந்த வயதில் சேர்ந்தனர், எந்த வகுப்பில் நின்றனர் என்பதையும் அறிய முடிகிறது.

ஆசிரியர் வருகைப் பதிவேடும் ஊதியப் பதிவேடும்: உதவி ஆசிரியர்களின் பெயர்கள் பெரும்பாலும் இவற்றில் மட்டுமே காணப்படும்.

பார்வையாளர் குறிப்பேடு: ஆய்வுக்கு வந்த கல்வி அலுவலர்களின் குறிப்புகளில் ஆசிரியரின் தகுதி, கட்டடத்தின் நிலை, மாணவர் வருகை ஆகியவை இடம்பெறும்.

புனித சார்ச்சு கோட்டை அரசிதழ்: சென்னை மாகாண அரசின் இவ்விதழில் அரசுப் பணி நியமனங்களும் தேர்வுகளில் தேறியோர் பட்டியல்களும் வெளியாயின.

மறைப்பணி அறிக்கைகள்: அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்த இசுக்கடர் குடும்பத்தினர் 1853இல் ஆற்காடு மறைப்பணியைத் தொடங்கினர். அதன் தொடக்கக்கால நிலையங்களுள் ஆரணியும் ஒன்று. அதன் ஆண்டறிக்கைகளில் பள்ளிகளையும் உள்ளூர்ப் பணியாளர்களையும் பற்றிய செய்திகள் உள்ளன.

இவை தவிர வாக்காளர் பட்டியல்கள், பத்திரப் பதிவுகள், பள்ளிச் சுவரில் பதிக்கப்பட்ட கல்வெட்டுகள், பழைய மாணவர்களின் வாய்மொழிச் செய்திகள் ஆகியவையும் பயன்படுகின்றன. சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் வட ஆற்காடு மாவட்டப் பழைய பதிவுகள் உள்ளன. பழைய கணக்கெடுப்பு அறிக்கைகள் இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகத்தின் இணையத்தளத்தில் படிக்கக் கிடைக்கின்றன.

தேடும் முறை

முதலில் கணக்கெடுப்பு அறிக்கைகளைக் கொண்டு ஊரின் பெயர் எழுதப்பட்ட பழைய வடிவம், அது அடங்கிய வட்டம், மக்கள்தொகை, எழுத்தறிவு, பள்ளி தோன்றிய காலம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆங்கில அறிக்கைகளில் ஆரணி என்னும் பெயர் 'ஆர்னி' என்று ஒலிக்குமாறு எழுதப்பட்டுள்ளது. அடுத்து அக்காலத்தில் பள்ளியை நடத்திய அமைப்பு எது என்று கண்டறிய வேண்டும். தனியார் திண்ணைப் பள்ளி, மறைப்பணிப் பள்ளி, வட்டக் கழகப் பள்ளி, மாவட்டக் கழகப் பள்ளி, ஊராட்சி ஒன்றியப் பள்ளி, அரசுப் பள்ளி என ஒரே பள்ளியின் நிர்வாகம் பல முறை கைமாறியிருக்கலாம். வட்டக் கழகங்கள் 1934இல் கலைக்கப்பட்டன. 1958ஆம் ஆண்டுச் சட்டங்களைத் தொடர்ந்து தொடக்கப் பள்ளிகள் ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்புக்கு வந்தன. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் ஆவணங்களும் இடம் மாறின; சில விடுபட்டன. இறுதியாக, ஒரு பெயர் கிடைத்தால் அதைக் குறைந்தது இரண்டு தனித்தனி ஆவணங்களில் சரிபார்த்தல் வேண்டும். ஒரே பெயருடைய இருவரை ஒருவராகக் கொள்வது இத்தகைய ஆய்வுகளில் அடிக்கடி நேரும் பிழையாகும்.

முக்கியத்துவம்

கணக்கெடுப்புப் படிவங்கள் இல்லாத நிலையில், சிற்றூர்ப் பள்ளியின் அலமாரியிலுள்ள பதிவேடுகளே பல ஆசிரியர்களைப் பற்றி எஞ்சியிருக்கும் ஒரே எழுத்துச் சான்றாக உள்ளன. கட்டடம் இடிக்கப்படும்போதும் பள்ளிகள் இணைக்கப்படும்போதும் இவை பழைய தாள்களாகக் கருதப்பட்டு அழியும் வாய்ப்பு உண்டு. கறையானும் மழைநீரும் பிற காரணங்கள். தலைமை ஆசிரியரின் அனுமதியுடன் இப்பதிவேடுகளை ஒளிப்படம் எடுத்து வைப்பதும், முதிய மாணவர்களின் நினைவுகளை ஆண்டு குறித்துப் பதிவு செய்வதும் மாணவர்களால் எளிதில் செய்யக்கூடிய பணிகளாகும். உயிருடன் இருப்போரின் பிறந்த நாள், சாதி போன்ற விவரங்களைப் பொதுவில் வெளியிடாமல் தவிர்ப்பது இப்பணியில் கடைப்பிடிக்க வேண்டிய நெறியாகும்.