டயல் சுத்தினா தலை சுத்தும்!

உங்க வீட்டுப் பரண்ல கறுப்பா, கனமா ஒரு பழைய போன் தூங்குதா? தொட்டுடாதீங்க பாஸ். தொட்டா என்னை மாதிரி ஆயிடுவீங்க!

கள்ளக்குறிச்சியில ஒரு காயலாங்கடை. உடைக்க வெச்சிருந்த குவியல்ல எட்டிப் பார்த்தது ஒரு ஐ.டி.ஐ. போன். 1948-ல் பெங்களூருவில் தொடங்கின இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ் தயாரிப்பு. எக்ஸாம் ஃபீஸுக்கு வெச்சிருந்த காசு காலி. (அப்பா, இந்தப் பக்கத்தைப் புரட்டிடுங்க ப்ளீஸ்!)

பிரிச்சுப் பார்த்ததும்தான் வியாதியே முத்திச்சு. 5-ல விரலை விட்டுச் சுத்தி விட்டா, டயல் திரும்பி வரும்போது லைன் அஞ்சு தடவை அறுந்து அறுந்து சேரும். 0-ன்னா பத்து தடவை. விநாடிக்குச் சுமார் பத்துத் துடிப்பு. அந்த வேகம் மாறாம பார்த்துக்க உள்ளே ஒரு குட்டி கவர்னர். ஆமா, டைனமிக்ஸ் ஆஃப் மெஷினரியில நம்மைப் படுத்தி எடுக்குமே, அதோட தம்பிதான்! டயலுக்குப் பூட்டுப் போட்ட வீட்டுலகூட, ரிசீவர் வைக்கிற பொத்தானை அதே தாளத்துல தட்டியே நம்பர் போட்ட கில்லாடிகள் உண்டு.

ஆறு போன் சேர்ந்ததும், ஏழாவதைத் தேடி கல்வராயன் மலை ஏறினேன். வெள்ளிமலை பக்கம் ஒரு தாத்தா வீட்டுல இருந்தது. லைன் போய் வருஷக்கணக்காச்சு.

"விக்கிறதுக்கில்ல தம்பி. டயல் சிக்குது, பாரேன்."

துடைச்சு, எண்ணெய் விட்டுக் கொடுத்தேன். தயங்காம ஒரு நம்பரைச் சுத்தினார். வெளியூர்ல இருந்த மகனோட பழைய நம்பராம். அப்புறம் கேட்டார்: "மணி அடிக்குமா?"

அதுக்குச் சுமார் 75 வோல்ட் ஏ.சி. வேணும். ஹாஸ்டல்ல சர்க்யூட் ரெடியாகிட்டிருக்கு. ரெண்டு தடவை ஷாக் வாங்கியாச்சு!