சிவிங்கிப்புலியைச் சுற்றி இருபது வண்டிகள்

கென்யாவின் மாசாய் மாரா காப்பகத்தில் காலை ஆறரை மணிக்கெல்லாம் வண்டிகளின் ரேடியோ பேச ஆரம்பித்துவிடும். பேச்சு சுவாஹிலியில். சிம்பா என்றால் சிங்கம், டெம்போ யானை, சுயி சிறுத்தை. ஓட்டுநர் சட்டென்று வண்டியைத் திருப்புவது 'டூமா' என்ற சொல் காதில் விழும்போது. டூமா, சிவிங்கிப்புலி. கொஞ்ச நேரத்தில் அங்கே போய்ச் சேர்ந்தால், புல்வெளியில் ஒரு கரையான் புற்று, அதன்மேல் ஏறி நின்று இரை தேடும் ஒரு தாய்ச் சிவிங்கி, அதைச் சுற்றிக் கூரை திறந்த இருபது லேண்ட் குரூசர்கள். விளம்பரப் படங்களில் சிவிங்கி இருக்கும், வண்டிகள் இருக்காது.

சிங்கம் பகலில் பெரும்பாலும் தூங்கும். எத்தனை வண்டி வந்தாலும் புரண்டு படுத்துக்கொள்ளும். சிவிங்கியின் நிலைமை வேறு. ஓடுவதற்கென்றே மெலிந்த உடம்பு அது, சண்டைக்கு ஆகாது. இரவில் சிங்கமும் கழுதைப்புலியும் நடமாடுவதால் பகலில்தான் அதிகம் வேட்டையாடுகிறது. அப்படி ஓடிப் பிடித்த மானைக்கூட, மூச்சிரைப்பு அடங்குவதற்குள் யாராவது வந்து பறித்துக்கொண்டு போவதுண்டு. அதன் வேட்டை நேரமும் நம் சவாரி நேரமும் ஒன்றாகப் போனதுதான் சிக்கல். மானுக்கும் அதற்கும் நடுவே ஒரு வண்டி நுழைந்தால் போதும், அன்றைய சாப்பாடு போயிற்று.

இது வெறும் ஊகமில்லை. ஃபெம்கே புரூக்ஹைஸ் என்ற ஆய்வாளர் மாராவில் சில ஆண்டுகள் தாய்ச் சிவிங்கிகளைப் பின்தொடர்ந்து கணக்கெடுத்து, 2018-இல் முடிவுகளை வெளியிட்டார். சுற்றுலாக்காரர்கள் குறைவாக வரும் பகுதிகளில் ஓர் ஈற்றுக்குச் சராசரியாக 2.3 குட்டிகள் வளர்ந்து ஆளாயின. கூட்டம் அதிகமான பகுதிகளில் 0.2 மட்டுமே. சிவிங்கியைப் பார்க்க ஆசைப்பட்டுப் போகிறவர்கள்தான் சிவிங்கி இல்லாமல் போகவும் காரணமாகிறார்கள் என்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

ஒரு விலங்கருகே ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக் கூடாதென்று விதி இருக்கிறது. காப்பகத்துக்குள் பாதையை விட்டு இறங்கவும் தடை. மீறுவது ஓட்டுநர்தான், ஆனால் அவரை மட்டும் திட்டிப் பயனில்லை. அவர் வருமானத்தில் டிப்ஸ் கணிசமான பங்கு. பின்சீட்டிலிருந்து "இன்னும் கொஞ்சம் கிட்டே போங்களேன்" என்று ஒரு குரல் வரும்போது, அது எவ்வளவு டாலர் என்று அவருக்குத் தெரியும்.

ஜூலை முதல் அக்டோபர் வரை கூட்டம் உச்சத்துக்குப் போகும். தான்சானியாவின் செரெங்கெட்டியிலிருந்து வில்டபீஸ்ட் மந்தைகள் புல் தேடி வடக்கே வந்து மாரா ஆற்றைக் கடக்கும் பருவம் அது. பல லட்சம் வில்டபீஸ்ட், கூடவே லட்சக்கணக்கில் வரிக்குதிரைகளும் மான்களும். கரைக்கு வந்துவிட்டு, இறங்கலாமா வேண்டாமா என்று மணிக்கணக்கில் நிற்கும். ஒன்று தண்ணீரில் கால் வைக்கும். ஏதோ ஒரு நிழல் அசைந்தால் மொத்த மந்தையும் திரும்பி ஓடும். முதல் விலங்கு இறங்கும்வரை வண்டிகள் தள்ளி நிற்க வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான். கரையேறும் இடத்தை வண்டிகள் அடைத்துவிட்டால் மந்தை செங்குத்தான பக்கம் ஏறப் பார்க்கும். அங்கேதான் மிதிபடுவதும் மூழ்குவதும். 2025-இல் செரெங்கெட்டிப் பக்கம் பயணிகள் வண்டியை விட்டே இறங்கிக் கரையில் நின்று மந்தையை மறித்த காட்சி உலகெங்கும் பரவியது. வெட்கக்கேடு.

தொலைக்காட்சியில் இந்த ஆற்றின் வில்லன் எப்போதும் முதலைதான். உண்மைக் கணக்கு வேறு. ஆண்டுக்குச் சுமார் 6,250 வில்டபீஸ்ட்கள் நெரிசலிலும் வெள்ளத்திலும் மூழ்கிச் சாகின்றன என்று 2017-இல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. அந்த இறைச்சியில் முதலைகளுக்குப் போய்ச் சேர்வது சுமார் இரண்டு சதவீதம். பாறுகளும் மராபூ நாரைகளும் மீன்களும்கூட அதைத் தின்கின்றன. எலும்புகள் ஆற்றுக்குள் ஏழாண்டு வரை மெல்லக் கரைந்து நீருக்கு உரமாகின்றன. மந்தை போன பிறகு, காலியான கரையில் பாறுகள் இறங்குவதைப் பார்க்க எந்த வண்டியும் நிற்பதில்லை. என்னைக் கேட்டால், கடப்பதைவிடப் பார்க்க வேண்டியது அதைத்தான்.

கழுதைப்புலிக்கும் இதே கதி. சிங்கத்தின் எச்சிலைத் தின்னும் பிராணி என்று ஒதுக்கிவிடுகிறோம். ஹான்ஸ் க்ரூக் என்ற ஆய்வாளர் 1960-களில் தான்சானியாவின் இங்கோரோங்கோரோவில் இரவிரவாகக் கண்விழித்துப் பார்த்தபோது, கழுதைப்புலிகள் தம் இரையைப் பெரும்பாலும் தாமே கொல்வதும், அதைச் சிங்கங்கள் வந்து பிடுங்குவதும் தெரிய வந்தது. பெண்களின் ஆட்சி நடக்கும் குடும்பம் வேறு. ஒரு கழுதைப்புலி வளைக்கு முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு ஒரு காலைப்பொழுதைக் கழிக்கலாம். பக்கத்தில் யாரும் வந்து இடிக்க மாட்டார்கள்.

நாம் வியக்கும் இந்த மந்தையே மாட்டுத் தடுப்பூசியால் பெருகியதென்றால் பலர் நம்ப மாட்டார்கள். 1961-இல் இங்கே வில்டபீஸ்ட் இரண்டரை லட்சம்தான். மாடுகளிலிருந்து பரவிய வெக்கை நோய் கன்றுகளை வாரிக்கொண்டு போனது. மாசாய் மக்களின் மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டு நோயை ஒழித்ததும், 1977-க்குள் எண்ணிக்கை பதின்மூன்று லட்சத்தைத் தொட்டது. இன்றும் விலங்குகளுக்கு இடம் கொடுப்பவர்கள் அதே மாசாய் மக்கள்தான். காப்பகத்தைச் சுற்றியுள்ள தங்கள் நிலங்களை வேலி போடாமல் குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள். மாரா நார்த், நபோயிஷோ, ஓலாரே மோடோரோகி ஆகியவை அப்படி உருவான தனிக் காப்புநிலங்கள். அங்கே தங்குகிறவர் எண்ணிக்கைக்கும் வண்டிக்கும் கட்டுப்பாடு உண்டு. செலவு கூடுதல்தான், ஆனால் வாடகை நேரே நிலக்காரர் கைக்குப் போகிறது.

மாரா காப்பகத்தில் வெளிநாட்டவருக்கு ஜனவரி முதல் ஜூன் வரை ஒரு நாள் கட்டணம் 100 டாலர், ஜூலை முதல் 200. ஆற்றைக் கடக்கும் காட்சிதான் வேண்டுமென்ற பிடிவாதம் இல்லாதவர்கள் முதல் பாதியில் போகலாம். இல்லையென்றால் பிப்ரவரியில் தான்சானியாவின் இண்டுட்டு சமவெளிக்குப் போங்கள். மந்தை மொத்தமும் சில வாரங்களுக்குள் கன்று ஈனும். பிறந்த கன்று சில நிமிடங்களில் எழுந்து நிற்கும். கென்யாவுக்குப் பிளாஸ்டிக் பைகளைக் கொண்டுபோகாதீர்கள், 2017 முதல் தடை. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது போட்டுக்கொள்ளுங்கள். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். சான்றிதழ் இல்லாமல் இந்தியா திரும்பினால் விமான நிலையத்திலிருந்து தனிமைப்படுத்தும் இடத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

முதல் நாள் காலை, வண்டி கிளம்புவதற்கு முன்பே ஓட்டுநரிடம் இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுங்கள்: சிவிங்கியருகே ஏற்கெனவே ஐந்து வண்டி நின்றால் நாம் போக வேண்டாம், எதைப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அவருடைய டிப்ஸ் குறையாது.