வலித்தால்தான் கால் உயரும்

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஷெல்பிவில் என்றொரு சிறிய ஊர். ஒரு காலத்தில் பென்சில் தொழிற்சாலைகளுக்குப் பேர் போனது. ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி 11 நாட்களுக்கு அந்த ஊரே திருவிழாக் கோலம் பூணும். 1939 முதல் நடந்துவரும் ‘டென்னசி வாக்கிங் ஹார்ஸ் நேஷனல் செலிபிரேஷன்’ என்ற குதிரைக் கண்காட்சிப் போட்டிதான் காரணம். இரவு விளக்கொளியில் குதிரைகள் வரிசையாகக் களமிறங்கும். உடலின் பாரத்தையெல்லாம் பின்னங்கால்களில் போட்டு, ஏறக்குறையக் குந்தியபடி ஒவ்வொன்றும் வரும். முன்னங்கால்கள் மாறி மாறி மார்பு உயரத்துக்கு எழும்பி விழும். கூட்டம் ஆர்ப்பரிக்கும். இந்த நடைக்கு ‘பிக் லிக்’ என்று பெயர்.

அந்தக் கால் ஏன் அவ்வளவு உயரம் எழுகிறது? சித்திரை வெயிலில் கோயில் பிரகாரத்துக் கருங்கல்லில் வெறுங்காலோடு நடந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஊன்றினால் வலிக்கும் காலை யாரும் சட்டென்று தூக்கிவிடுவார்கள். குதிரையும் அப்படித்தான். வித்தியாசம் என்னவென்றால், இந்தக் குதிரைக்கு அந்த வலியை மனிதர் வேண்டுமென்றே உண்டாக்குகிறார். இந்த வேலைக்கு ‘சோரிங்’ என்று பெயர், அதாவது காலைப் புண்ணாக்குவது. களமிறங்கும் எல்லாக் குதிரைக்கும் இப்படிச் செய்வதில்லை என்று போட்டிக்காரர்கள் சொல்வார்கள். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் இதைத் தடுக்கச் சட்டம் வந்து அரை நூற்றாண்டு கடந்த பிறகும் சோரிங் ஒழியவில்லை. ஏன் ஒழியவில்லை என்பதற்கான விடை பெரும்பாலும் அந்தச் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது.

செய்முறையைச் சொல்லியாக வேண்டும். குளம்புக்குச் சற்று மேலே, கால் வளையும் இடத்தில், எரிச்சலூட்டும் திரவங்களைப் பூசுகிறார்கள். கடுகுத் தைலம், மண்ணெண்ணெய், டீசல், நேர்வாள எண்ணெய் இவையெல்லாம் பட்டியலில் உண்டு. நேர்வாளம் என்றால் நம் சித்த வைத்தியம் அறிந்தவர்களுக்குக் கடும் பேதி மருந்து. சுத்தி செய்யாமல் தொடக்கூடாத சரக்கு. அதன் எண்ணெய் தோலில் பட்டாலே கொப்புளம் கிளம்பும். அதைத் தடவி, மேலே பிளாஸ்டிக் உறை சுற்றி, ஊறவிடுகிறார்கள். தோல் வெந்த பிறகு, அதே இடத்தில் தளர்வாக ஒரு சங்கிலியை மாட்டுகிறார்கள். ஒவ்வோர் அடிக்கும் சங்கிலி புண்ணில் மோதும். குதிரை காலை உதறித் தூக்கும்.

ரசாயனமே இல்லாமலும் இதைச் செய்ய முடியும். குளம்பை உயிர்த்தசை தெரிகிற அளவுக்குச் செதுக்கிவிட்டு லாடம் அடிப்பது ஒரு வழி. முன்னங்குளம்பின் அடியில் அடுக்கடுக்காகத் தடித்த அட்டைகள் வைத்து, குதிகால் உயர்ந்த செருப்புபோல் ஆக்கி, அந்த அட்டைக்கும் குளம்புக்கும் நடுவே கடினமான பொருள் எதையாவது செருகிவிடுவது இன்னொரு வழி. செருப்புக்குள் சிக்கிய கல்லோடு நாள் முழுக்க நடப்பதுபோல. நாமானால் செருப்பைக் கழற்றி உதறிவிடுவோம்.

இதில் மனத்தை உறுத்துவது, இந்த இனத்துக்கு எந்த அலங்காரமும் தேவையில்லை என்பதுதான். டென்னசி நடைக்குதிரை பிறவியிலேயே நல்ல நடைக்காரன். ‘ரன்னிங் வாக்’ என்ற அதன் இயல்பான நடையில் நான்கு கால்களும் தனித்தனியே தரை தொடும். பின்னங்கால், முன்னங்கால் பதிந்த தடத்தையும் தாண்டி விழும். தலை தாளத்துக்கு ஆடும். மேலே உட்கார்ந்திருப்பவருக்குக் குலுக்கலே தெரியாது. பெரிய தோட்டங்களில் பயிர் வரிசைகளுக்கு நடுவே நாள் முழுக்கச் சவாரி செய்தவர்கள் இடுப்பு வலிக்காத குதிரை வேண்டும் என்று தேடி வளர்த்த இனம் இது. 1935இல் லூயிஸ்பர்க் என்ற ஊரில் இதற்கென வளர்ப்போர் சங்கமும் பதிவேடும் தொடங்கின. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் கண்காட்சிகளில் போக்கு மாறியது. காலை அதிகம் தூக்கிய குதிரைக்கு நடுவர்கள் பரிசு கொடுத்தார்கள். பரிசு வாங்கிய குதிரையின் விலையும், பொலிகுதிரையாக அதற்குக் கிடைக்கும் கட்டணமும் ஏறின. வருடக்கணக்கான பயிற்சியால் வர வேண்டிய உயரத்தை ஒரு புட்டி எண்ணெய் சில நாளில் கொண்டுவரும் என்று யாரோ கண்டுபிடித்தார்கள். நேர்மையாகப் பயிற்சி கொடுத்தவர் தோற்கத் தொடங்கினார். மற்றதெல்லாம் இதன் தொடர்ச்சி.

கொட்டிலை விட்டு, வாசலில் காவல்

மேரிலாந்து செனட்டர் ஜோசப் டைடிங்ஸ் முன்னெடுத்த குதிரைப் பாதுகாப்புச் சட்டத்தில், 1970 டிசம்பர் 9 அன்று அதிபர் நிக்சன் கையெழுத்திட்டார். அதற்குச் சில வாரங்கள் முன்பு நடந்த தேர்தலில் டைடிங்ஸ் தோற்றுப்போயிருந்தார். அவர் பதவியில் இருந்து செய்த கடைசி வேலைகளில் இது ஒன்று.

சட்டத்தின் பெயரைக் கேட்டால் குதிரையின் காலைப் புண்ணாக்குவது குற்றம் என்றுதான் நினைப்போம். அப்படி அதில் இல்லை. காலைப் புண்ணாக்கிய குதிரையைக் கண்காட்சியில் காட்டுவது, விற்பது, ஏலம் விடுவது, அதற்காக வண்டியில் ஏற்றிக் கொண்டுபோவது ஆகியவைதான் குற்றம். கொட்டிலுக்குள் எண்ணெயைத் தடவும் கையை மத்திய சட்டம் தொடவில்லை. அந்தக் குதிரை போட்டி வாசலுக்கு வந்த பிறகே சட்டத்துக்குக் கண் திறக்கிறது. தண்டனையும் கடுமையானதல்ல. முதல் குற்றத்துக்கு அதிகபட்சம் 3,000 டாலர் அபராதமும் ஓராண்டுச் சிறையும். இரண்டாவது முறையானால் 5,000 டாலர், இரண்டாண்டு. பட்டம் வென்ற குதிரையின் மதிப்போடு ஒப்பிட்டால் இந்த அபராதம் தொழிலில் ஒரு செலவுக் கணக்கு, அவ்வளவுதான்.

சரி, வாசலிலாவது ஒழுங்காகப் பிடிக்கிறார்களா? அதற்குப் பணம் வேண்டும். இந்தச் சட்டத்தை அமல்படுத்த ஆண்டுக்கு 5 லட்சம் டாலர்தான் என்று 1976ஆம் ஆண்டுத் திருத்தம் வரம்பு போட்டது. ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான கண்காட்சிகள் நடக்கும் நாட்டில் அந்தத் தொகையைக் கொண்டு எத்தனை அரசுக் கால்நடை மருத்துவர்களை அனுப்ப முடியும்? ஆகவே அதே திருத்தம் ஒரு குறுக்குவழியையும் திறந்துவிட்டது. போட்டி நடத்தும் அமைப்புகளே பயிற்சி பெற்ற பரிசோதகர்களை அமர்த்திக்கொள்ளலாம் என்றது. அவர்களுக்குச் சம்பளம் கொடுப்பது குதிரைக் கண்காட்சித் தொழில்துறைதான். பரிசோதகர்களில் பலர் தாங்களும் குதிரை வைத்திருப்பவர்கள், போட்டிக்கு வருபவர்கள். மாமன் மச்சானைத் தேர்வு மேற்பார்வைக்குப் போட்டால் என்ன நடக்குமோ அது நடந்தது.

இதை நான் சொல்லவில்லை. அமெரிக்க வேளாண் துறையின் தலைமைத் தணிக்கையாளர் அலுவலகமே 2010இல் சொன்னது. அரசு மருத்துவர்கள் நேரில் போனது நூற்றுக்கு ஏறக்குறைய 6 கண்காட்சிகளுக்குத்தான். ஆனால் தொழில்துறைப் பரிசோதகர்கள் எழுதிய மீறல்களில் கிட்டத்தட்டப் பாதி, அந்த 6 சதவீதக் கண்காட்சிகளில் எழுதப்பட்டவை. பக்கத்தில் அரசு ஆள் நின்றால் புண் கண்ணுக்குத் தெரிந்தது, அவர் இல்லாத இடத்தில் தெரியவில்லை. அரசு மருத்துவர்கள் சில இடங்களுக்குப் போலீஸ் துணையோடு போக வேண்டியிருந்ததையும் அந்த அறிக்கை பதிவுசெய்திருக்கிறது. இந்தப் பரிசோதகர் முறையையே ஒழிக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரை. 2021இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்களின் குழுவும், சோதனையைக் கால்நடை மருத்துவர்கள் மட்டுமே செய்ய வேண்டும் என்று எழுதியது.

பரிசோதனை என்பது பெரும்பாலும் கட்டைவிரலால் காலை அழுத்திப் பார்ப்பது. வலித்தால் குதிரை காலை இழுக்கும். அதற்கும் பயிற்சியாளர்களிடம் மருந்து உண்டு. மரத்துப்போகும் களிம்பைச் சரியான நேரம் பார்த்துத் தடவுவார்கள். அதைவிடக் கொடியது ‘ஸ்டூவர்டிங்’. கொட்டிலில் போலிப் பரிசோதனை நடத்தி, காலை அழுத்தும்போது குதிரை அசைந்தால் அடிப்பார்கள். காலில் படும் வலியைவிட அசைந்தால் விழும் அடி பெரிது என்று அது கற்றுக்கொள்ளும். வாசலில் சிலைபோல நிற்கும். பரிசோதகர் ‘தேறியது’ என்று எழுதிக்கொள்வார்.

உண்மை வெளிவந்த சில நாட்கள்

2006ஆம் ஆண்டு ஷெல்பிவில் போட்டியில், இறுதிச் சுற்றுக்கு வந்த குதிரைகளில் பெரும்பாலானவை அரசுப் பரிசோதனையில் தேறவில்லை. அந்த ஆண்டு உலகச் சாம்பியன் பட்டம் யாருக்கும் கொடுக்கப்படவில்லை. போட்டியின் வரலாற்றிலேயே அதுதான் முதல் முறை. 2011இல் அதே போட்டியில் 52 குதிரைகளின் கால்களைத் துடைத்து எடுத்த மாதிரிகளை வேளாண் துறை ஆய்வகத்துக்கு அனுப்பியது. எரிச்சலூட்டுவது, மரத்துப்போகச் செய்வது, தடயத்தை மறைப்பது என்று ஏதேனும் ஒரு தடைசெய்யப்பட்ட பொருள் 52 மாதிரிகளிலும் இருந்தது.

அதற்கடுத்த ஆண்டு, விலங்கு நல அமைப்பு ஒன்று ரகசியமாகப் படம்பிடித்த காணொளி தேசியத் தொலைக்காட்சியில் வந்தது. இத்துறையில் பெரும் புகழ் பெற்றிருந்த பயிற்சியாளர் ஒருவரின் கொட்டிலில், குதிரைகளின் காலில் ரசாயனம் பூசுவதையும் அவற்றைத் தடியால் அடிப்பதையும் அமெரிக்கா முழுக்கப் பார்த்தது. பெரிய குளிர்பான நிறுவனம் ஒன்று போட்டிக்குத் தந்துவந்த விளம்பர ஆதரவை விலக்கிக்கொண்டது. பயிற்சியாளர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். நீதிமன்றம் 75,000 டாலர் அபராதமும் மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் விதித்தது. சிறை இல்லை. கவனிக்க வேண்டியது இன்னொன்று. படம் பிடிக்கப்பட்ட காலத்தில் அவர் மத்திய அரசின் ஐந்தாண்டுத் தடையில் இருந்தார். போட்டிக்குப் போகத்தான் தடை. கொட்டிலில் வேலை செய்ய யாரும் தடை போடவில்லை. சட்டத்தின் ஓட்டையை இதைவிடத் தெளிவாக எந்த நிபுணர் குழுவும் காட்டியிருக்க முடியாது.

அடைக்கத் தெரிந்தும் அடையாத ஓட்டை

அந்தக் காணொளிக்குப் பிறகு வேகமெடுத்ததுதான் ‘பாஸ்ட்’ மசோதா. காலைப் புண்ணாக்கும் செயலையே அது குற்றமாக்குகிறது. இந்த இனத்துக்கும் இதன் உறவு இனங்களுக்கும் அடுக்கு அட்டையையும் சங்கிலியையும் போட்டிகளில் தடை செய்கிறது. தொழில்துறைப் பரிசோதகர்களுக்குப் பதிலாக வேளாண் துறை உரிமம் வழங்கி நியமிக்கும் பரிசோதகர்களைக் கொண்டுவருகிறது. தண்டனையை மூன்றாண்டுச் சிறை வரை உயர்த்துகிறது. மூன்றாவது முறை பிடிபட்டவர் ஆயுளுக்கும் போட்டிப் பக்கம் தலைகாட்ட முடியாது. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கமும் குதிரை மருத்துவர் சங்கமும் இதற்கு ஆதரவு. 2019 ஜூலையில் பிரதிநிதிகள் சபை, மறைந்த டைடிங்ஸின் பெயரைச் சூட்டி இதை 333–96 என்று நிறைவேற்றியது. 2022 நவம்பரில் மீண்டும் 304–111. இரு கட்சியினரும் சேர்ந்து கை தூக்கிய மசோதா இது. இருமுறையும் செனட் வாக்கெடுப்புக்கே எடுக்கவில்லை. டென்னசி, கென்டக்கி செனட்டர்களுக்கு அங்கே செல்வாக்கு அதிகம். குதிரைப் போட்டி அவர்களின் தொகுதி விவகாரம்.

சட்டம் வராவிட்டால் விதி போடலாமே என்று வேளாண் துறை முயன்றது. ஒபாமா ஆட்சியின் கடைசி நாட்களில், 2017 ஜனவரியில், புதிய விதி தயாரானது. அரசிதழில் அச்சேறும் முன்பே அதிபர் மாறினார். விதி திரும்பப் பெறப்பட்டது. அப்படித் திரும்பப் பெற்றதே முறையல்ல என்று வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தது. 2024 மே மாதம் பைடன் ஆட்சி இன்னொரு விதியை வெளியிட்டது. 2025 பிப்ரவரி 1 அன்று அமலாக வேண்டியது. அதற்கு முந்தைய நாள் டெக்சஸ் மத்திய நீதிமன்ற நீதிபதி மேத்யூ காஸ்மரிக், அட்டை, சங்கிலித் தடை உள்ளிட்ட முக்கியப் பகுதிகளை ரத்து செய்தார். வழக்குப் போட்டவர்களில் ஷெல்பிவில் போட்டிச் சங்கமும் ஒன்று. மிச்சத்தை வேளாண் துறை முதலில் ஏப்ரலுக்கும், பிறகு 2026 பிப்ரவரிக்கும் தள்ளிவைத்தது.

போட்டிக்காரர்களின் வாதத்தையும் கேட்க வேண்டும். அட்டையும் சங்கிலியும் தம்மளவில் வலி தருவதில்லை என்கிறார்கள். ஆபர்ன் பல்கலைக்கழகம் 1978 முதல் 1982 வரை செய்த ஆய்வைக் காட்டுகிறார்கள். 6 அவுன்ஸ் வரையிலான சங்கிலியை இன்று அனுமதிப்பதன் அடிப்படையும் அதுவே. கட்டைவிரல் சோதனை ஆளுக்கு ஆள் மாறும் என்பது இன்னொரு வாதம். இதில் பாதி நியாயம் உண்டு. ஆரோக்கியமான தோலில் ஆடும் இலேசான சங்கிலி புண் செய்யாதுதான். ஆனால் வெந்த தோலில் அது வேறு கருவி. எந்தத் தோல் வெந்தது என்று கண்டுபிடிக்கும் வேலையைத்தான் ஐம்பது ஆண்டுகளாக ஒழுங்காகச் செய்ய முடியவில்லை. புண்ணைத் தேடிக் களைத்துப்போனவர்கள் சங்கிலியை எடுத்துவிடு என்கிறார்கள். எனக்கு அதுவே நேர்வழியாகத் தெரிகிறது. வெறும் லாடத்தோடு இயல்பான நடையை மட்டும் மதிப்பிடும் போட்டிகள் இதே இனத்துக்கு இன்றும் நடக்கின்றன. அங்கே பரிசுக்கு வலி தேவைப்படவில்லை.

வலி இல்லாத குதிரைக்கும் சேர்த்து மொத்தமாகத் தடை போடும் அதிகாரத்தை 1970ஆம் ஆண்டுச் சட்டம் அதிகாரிகளுக்குத் தரவில்லை என்பதே டெக்சஸ் தீர்ப்பின் சாரம். அப்படியானால் அந்த அதிகாரம் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸிடம்தான் இருக்கிறது. டைடிங்ஸ் 2018இல் காலமானார். அவர் பெயர் தாங்கிய மசோதா செனட்டைத் தாண்டவில்லை. 6 அவுன்ஸ், அதாவது 170 கிராம் எடையுள்ள சங்கிலி கட்டிய குதிரை, அந்தத் தீர்ப்புக்குப் பின்னும் சட்டப்படியே களமிறங்குகிறது.